முதல் பந்தியைச் செஞ்சவுக

ஜன்னல் பக்கம் நீயே உக்காந்துக்க தாயி. எனக்குக் காத்து மூஞ்சியில அடிச்சா தலை வலிக்கும். இந்தப் பையை இங்கிட்டுத் தள்ளிக்கிறேன். மிதிச்சாலும் பரவாயில்ல, உள்ள ஒடையிற சாமான் ஒண்ணும் கெடையாது. ஒரு பொன்னாடை, ஒரு மாத்துச் சேலை, அம்புட்டுத்தான். ஒடையிற சாமானை வேற ஒருத்தரு கார்ல வச்சுக் கொண்டு போயிட்டாரு.

நீ எங்க எறங்கணும்? சிவகாசியா? நல்லதாப் போச்சு, கடைசி வரைக்கும் பேச்சுத்துணை.

நேத்து மெட்ராஸ்ல எனக்கு ஒரு பரிசு குடுத்தாக. எனக்குன்னா எனக்கில்ல, எங்க வீட்டுக்காரவுகளுக்கு. இப்ப அவுகளுக்குன்னும் சொல்ல முடியல. அதுதான் பிரச்சினையே. அஞ்சு மணிக்குள்ள ஒரு போன் வரும். நான் சத்தமாப் பேசுவேன், நீ பதறாத.

என்ன பரிசா? சிரிக்கக் கூடாது. வெளையாட்டுக்குப் பரிசு. ஓடுறது, பந்து ஒதைக்கிறது இல்ல. பரமபதம், லூடோ மாதிரி அட்டையை விரிச்சு வச்சு, சீட்டு வச்சு, உக்காந்து ஆடுற ஆட்டம். இப்பப் பெரிய ஆளுகளே ஆடுறாகளாம். கண்ணாடி போட்டு, தாடி வச்சு, வேலைக்குப் போற ஆம்பளைக, பொம்பளைக எல்லாம் அந்த மண்டபத்துல மேசை மேசையா உக்காந்து ஆடுறாக தாயி. ஒருத்தர் மொகத்துல சிரிப்பே இல்ல. பரிச்சை எழுதுறாப்ல ஆடுறாக. நான் அதைப் பாத்து அவுகள நெனச்சுக்கிட்டேன். இருந்திருந்தா ஒவ்வொரு மேசையா நின்னு வேடிக்கை பாத்திருப்பாக. வீட்டுக்குக் கூட்டியாரவே முடிஞ்சிருக்காது.

அவுக பிரஸ்ல ஆர்ட்டிஸ்ட்டு. காலண்டருக்குப் படம் வரையிறது. முருகன், லச்சுமி, தொட்டில் பிள்ளை, பூனைக்குட்டி, எது கேட்டாலும் வரைவாக. நம்ம ஊரைப் பத்தி உனக்குத் தெரியாதா, தீபாவளி முடிஞ்சா காலண்டரு, காலண்டரு முடிஞ்சா நோட்டு அட்டை. நடுவுல வேலை இல்லாத நாள்ல பிரஸ்காரக பரமபதம், லூடோன்னு எதையாச்சும் அடிச்சு கடைகளுக்கு அனுப்புவாக. அதைப் பாத்துப் பாத்துத்தான் இவுகளுக்கு அந்தப் புத்தி வந்துச்சு. நாமளே ஒண்ணு புதுசாப் பண்ணுனா என்னன்னு.

பண்ணுனாக. ‘முதல் பந்தி’ன்னு பேரு வச்சாக. கல்யாண வீடு. ஒருத்தரு பொண்ணு வீடு, ஒருத்தரு மாப்பிள வீடு, இன்னும் ரெண்டு பேரு சொந்தக்காரக. நடுவுல பந்தி. எலை போட்டிருக்கு. உன் ஆளுகள நீ எலைக்கு முன்னால உக்கார வைக்கணும், பாயசம் தீர்றதுக்குள்ள. கையில இருக்குற சீட்டு பூராவும் சொந்தக்காரக மொகம். பெரியப்பா, ஒண்ணுவிட்ட அத்தை, கோணவாய் மச்சான், எல்லாரையும் வரைஞ்சிருந்தாக. அதுல ஒரு சித்தி எங்க சித்தியேதான். மூக்குத்தி மொதக்கொண்டு. அதைப் பாத்துட்டு எங்க சித்தி ஒரு வருசம் எங்ககூடப் பேசல.

மொத மொத என்கூடத்தான் ஆடுவாக. எங்களுக்குப் பிள்ளை இல்ல, வேற யாரு இருக்கா? சமையல முடிச்சுட்டு வந்தா அட்டையை விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாக. பிரஸ்ல வெட்டிப் போட்ட அட்டை. காய்க்கு என் ரவிக்கைப் பட்டன். ஒரு தடவ நான்தான் சொன்னேன், “என்ன ஆட்டம் இது, எலையைப் போட்டா போய் உக்காந்துருவாகளா? எங்க அண்ணன் உங்க தம்பி முறைக்காரக கல்யாணத்துல எலை இருந்தும் சாப்பிடாம வந்துச்சே, ஏன்? வாங்கன்னு யாரும் வாய் தெறந்து கூப்பிடல, அதுதான்”னு. மறுநாளு ஆட்டமே மாறிப்போச்சு. சீட்டைக் கீழ வைக்கும்போது ‘வாங்க மாமா’, ‘வாங்க அத்தை’ன்னு வாய் தெறந்து கூப்பிடணும். கூப்பிட மறந்தா அந்த ஆளு கோவிச்சுக்கிட்டுப் போயிருவாரு. ஒரு ஆளு கோவிச்சுக்கிட்டுப் போனாலும் நீ தோத்த. நூறு எலை நெறைஞ்சாலும் தோத்ததுதான்.

நேத்து மேடையில அதத்தான் புகழ்ந்தாக. உலகத்துல எந்த ஆட்டத்துலயும் இப்பிடி ஒரு விதி இல்லையாம். நான் பொன்னாடையப் போத்திக்கிட்டுக் கேட்டுக்கிட்டு நிக்கிறேன். எம்புட்டு மூளை பாரு அவுகளுக்கு! நான் ஏதோ எங்க அண்ணன் கோவத்துல பொலம்புனேன். அதை அவுக ஆட்டமாக்கிட்டாக. நானெல்லாம் என்ன, வாய் ஓயாமப் பேசுறவ, அதுல ஒண்ணு அவுக காதுல விழுந்துச்சு, அம்புட்டுத்தான்.

அப்புறம் பிரஸ்ல பெரிய முதலாளிகிட்டக் காட்டுனாக. அவரு தங்கமான மனுசன், அடிச்சுக் குடுத்தாரு. பொட்டி வந்த அன்னிக்கு ஒண்ணை வீட்டுக்குக் கொண்டாந்தாக. கொண்டாந்து என்ன செஞ்சாக தெரியுமா? பொட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாக. மேல பாத்தாக, அடியில பாத்தாக, நாலு பக்கமும் பாத்தாக. பிரஸ் பேரு இருக்கு, ஊரு பேரு இருக்கு. நான், “என்ன தேடுறீக?”ன்னேன். “ஒண்ணுமில்ல”ன்னாக. எனக்குப் புரிஞ்சு போச்சு. நான் சொன்னேன், “விடுங்க, பொட்டியில பேரப் போட்டா கண்ட பயலும் கடையில நின்னுக்கிட்டு உங்க பேரச் சொல்லுவான், அது நமக்கு மருவாதியா?”ன்னு. அவுக சிரிச்சாக. “அதுவும் சரிதான், வீட்டுலயும் இல்ல, பொட்டியிலயும் இல்ல”ன்னாக. அவுக பேச்சே அப்பிடித்தான், எல்லாத்துக்கும் கேலி.

அவுக பேரா? இல்ல தாயி, நான் சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு நாளு சொன்னதில்ல. எங்க அம்மா எங்க அய்யா பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்ல. புருசன் பேரைப் பொண்டாட்டி சொன்னா அவுக ஆயுசு கொறையும்னு சொல்லி வளத்தாக. ஏங்கன்னு கூப்பிடுவேன், இந்தாங்கன்னு கூப்பிடுவேன், அவசரத்துக்கு வளையலை ஆட்டுவேன், திரும்பிப் பாப்பாக. ரேசன் கடையில கேட்டா பக்கத்துல நிக்கிறவகளைச் சொல்லச் சொல்லுவேன். அதுல எனக்கு ஒரு பெருமை. எங்க தெருவுல இப்ப வந்த பிள்ளைக எல்லாம் புருசனை வாடா போடாங்குதுக. நான் அப்பிடி இல்லன்னு.

பெரியாஸ்பத்திரியில கெடந்தப்பயும் கேலிதான். மூச்சு வாங்குது, பேச முடியல, அப்பயும் என் கையப் புடிச்சுக்கிட்டு, “ஒரே ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்பிடு, எப்பிடி இருக்குன்னு கேக்குறேன்”னாக. நான், “சும்மா கெடங்க, நல்லபடியா எந்திரிச்சு வாங்க, பெறகு பாப்போம்”னேன். அந்த நேரத்துல போய் ஆயுசோட வெளையாடுவாகளா? நீயே சொல்லு.

ஒரு தடவ கூடச் சொல்லல தாயி. ஒரு தடவ கூட. பெறகு எப்பிடிப் போனாக? எனக்கு அதுதான் வெளங்கல. பெரியவுக சொன்னபடி நான் நடந்துக்கிட்டேனே.

சரி விடு. இந்த முறுக்கை எடுத்துக்க. எழும்பூர்ல அந்தப் பொண்ணு வாங்கிக் குடுத்தது. மிருதுளான்னு பேரு. அவதான் இதுக்கெல்லாம் காரணம். சாத்தூருல அவ அத்தை வீட்டுக்கு லீவுக்கு வரும்போதெல்லாம் நம்ம ஆட்டத்தை ஆடியிருக்கா. வளந்து மெட்ராஸ்ல இந்த மாதிரி ஆட்டம் போடுற கம்பெனி வச்சிருக்கா. பழைய ஆட்டத்தைத் திரும்பப் போடணும்னு நம்ம ஊருக்கு வந்திருக்கா. பெரிய முதலாளி போய்ச் சேந்துட்டாரு, இப்ப அவரு மகன், ஜெயசேகரன்னு. அவரு, “எங்க அப்பா யோசிச்சுப் பண்ணுனது”ன்னு சொல்லி, போட்டுக்கச் சொல்லிட்டாரு. இந்தப் பொண்ணு வெளிய வரும்போது கட்டிங் மிசின் ஓட்டுற அய்யனாரண்ணன் காதோட காதாச் சொல்லியிருக்காரு, இது நம்ம ஆர்ட்டிஸ்ட்டு பண்ணுனதும்மா, வீடு அங்கன இருக்குன்னு. நேரா என் வீட்டுக்கு வந்துட்டா. அவுக படத்துக்கு முன்னால நின்னு அழுதா தாயி. எனக்கு ஒண்ணுமே புரியல. அவுக யாரு, இவ யாரு.

புதுப் பொட்டி வந்துச்சு. அதுலயும் பிரஸ் பேருதான், ஜெயசேகரன் விடல. “பரிசு கெடைச்சா போதும்மா, இந்த வருசத்துல இருந்து ஆட்டத்தைப் பண்ணுனவங்க பேரையும் சேத்துத்தான் அறிவிக்கணும்னு பரிசு குடுக்குற சங்கத்துல முடிவு பண்ணியிருக்காங்க, அவங்க என்ன பேரு போடுறாங்களோ அதுதான் இனிமே எல்லா எடத்துலயும்”னு மிருதுளா சொன்னா. முன்னயெல்லாம் கம்பெனி பேரை மட்டும் சொல்லிக் குடுத்துருவாகளாம். பண்ணுனவன் ஒரு மூலையில உக்காந்து கை தட்டணுமாம். அதுக்கு ரொம்ப நாளாச் சண்டை போட்டு இப்பத்தான் மாத்தியிருக்காக. அந்தப் பிள்ளைகளை நெனச்சா நல்லாத்தான் இருக்கு.

அப்பிடித்தான் நேத்து போனேன். பட்டுச்சேலை கட்டிக்கிட்டு. மேடைக்கு ரெண்டு பேரைத்தான் கூப்பிட்டாக. பிரஸ்ல இருந்து ஒருத்தரு, குடும்பத்துல இருந்து ஒருத்தரு. ஜெயசேகரன் மொத மைக்கை வாங்குனாரு. இங்கிலீசும் தமிழுமா என்னமோ பேசுனாரு. “இது எங்க அப்பாவோட கனவு, எங்ககிட்ட வேலை பாத்த ஒரு ஆர்ட்டிஸ்ட்டு அழகாப் படம் வரைஞ்சு குடுத்தாரு, அவரோட மனைவி இந்தா இருக்காங்க”ன்னாரு. ஒரு ஆர்ட்டிஸ்ட்டு! கேட்டியா? அந்தாளு டவுசரு போட்டுக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்து அவுக மடியில உக்காந்து பூனை வரையக் கத்துக்கிட்டவரு.

தொகுத்து வழங்குதே ஒரு பொண்ணு, அது என் பக்கம் திரும்பி, “அம்மா, உங்க கணவர் பேரைச் சொல்லுங்கம்மா, எல்லாரும் கேக்கட்டும்”னு மைக்கை நீட்டுது. மண்டபம் பூராவும் என்னையப் பாக்குது. கீழ மிருதுளா எந்திரிச்சு நின்னு, சொல்லுங்கம்மா சொல்லுங்கம்மான்னு கையைக் காட்டுறா. நான், “எங்க வீட்டுக்காரவுக”ன்னேன். எல்லாரும் சிரிச்சாக. நல்லவிதமாத்தான் சிரிச்சாக. “வீட்டுக்காரரு பேரு என்னம்மா?” “அவுகதான். எங்க வீட்டுக்காரவுகதான் பண்ணுனாக.” மறுபடியும் சிரிப்பு. “ஆகா, அம்மா வெக்கப்படுறாங்க, ஒரு பெரிய கைதட்டு”ன்னு அந்தப் பொண்ணு சொல்லவும், சடசடன்னு கை தட்டுறாக. மிருதுளா கீழ இருந்து அவுக பேரைச் சொல்லிக் கத்துறா. அந்தக் கைதட்டல்ல யாரு காதுல விழும்? பின்னால திரையில பெரிய எழுத்துல வந்துச்சு. உருவாக்கியவரு, பெரிய முதலாளி பேரு. ஓவியம்னு போட்டு, பிரஸ் பேரு. கண்ணாடியில பகடை மாதிரி ஒண்ணை ஜெயசேகரன் கையில குடுத்துட்டாக. எனக்கு இந்தப் பொன்னாடை.

நான் கும்பிட்டுட்டு எறங்கி வந்துட்டேன். வேற என்ன செய்ய?

தப்பு யாரு மேல சொல்லு. அந்த மைக்கு புடிச்ச பொண்ணு மேல. அது சும்மா இருந்திருக்கலாமுல்ல? இல்ல, மிருதுளா மேல. அவ மேடைக்கு வந்திருக்கணும். ஜெயசேகரனை நான் சும்மா விட மாட்டேன், அவரு சொன்னது பச்சைப் பொய். என்னையப் போய்க் கேட்டா? நான் எப்பிடிச் சொல்லுவேன்?

பெறகு மிருதுளா சங்கத்துக்காரககிட்டச் சண்டைன்னா சண்டை. தலைவரு நல்ல மனுசன்தான், மொகத்துல அடிச்சாப்ல பேசல. “உங்க கம்பெனியும் இதுல சம்பந்தப்பட்டது, உங்க பேச்சை மட்டும் வச்சு மாத்த முடியாதும்மா. அந்தம்மா மேடையில இருந்தாங்க, மறுத்து ஒரு வார்த்தை சொல்லல. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அறிவிப்பு வெளிய போயிரும். எழுதிக் குடுத்தா யாரு எழுதுனதுன்னு கேள்வி வரும், அதனால அதுக்குள்ள அவங்க வாயால, இந்த ஆட்டத்தைப் பண்ணுனது என் கணவர் இன்னாருன்னு பேரைச் சொல்லி ஒரு வரி பதிவு பண்ணிக் குடுத்தா போதும். இது ஒரு வரிதானே?”ன்னாரு.

ஒரு வரிதானாம்.

அய்யனாரண்ணனுக்குப் போன் போட்டா, “எனக்குத் தெரியாதும்மா”ன்னுட்டாரு. அவரு மகன் அங்கதான வேலை பாக்கான், பாவம், அவரு என்ன செய்வாரு. அவுக கூடப் பொறந்தவுகளும் இல்ல. ஒரு பிள்ளை இருந்திருந்தா, பேருக்கு முன்னால இனிசியலாவாச்சும் அவுக ஒட்டிக்கிட்டு இருந்திருப்பாக. அதுவும் இல்ல. உலகத்துல அவுகளுக்குன்னு பாக்கி இருக்குறது என் வாய் ஒண்ணுதான். அது இப்பிடி இருக்கு.

நேத்து ரூமுல வச்சே மிருதுளா போனை நீட்டுனா. தண்ணி குடிச்சுட்டுச் சொல்றேன்னேன். காலையில ஸ்டேசன்ல நீட்டுனா. இம்புட்டு ஆம்பளைக இருக்காகளே, ரயில்ல போய்ச் சொல்றேன்னேன். ரயில்ல இருக்கும்போது போன் போட்டுக் கேட்டா, இரைச்சல்ல உனக்குக் கேக்காது, பஸ்ல சொல்றேன்னேன். அவ கோவிக்கல. “அவருதான் இல்லையேம்மா, இனி எந்த ஆயுசு கொறையப் போகுது?”ன்னு மெதுவாக் கேட்டா. நீயும் அதைத்தான கேக்க வாயெடுத்த? மொகத்தைப் பாத்தாலே தெரியுது.

எனக்கும் தெரியும் தாயி. ஆனா இப்பிடி ஒண்ணு இருக்கு. அவுக செத்தப்ப ஊரெல்லாம் போஸ்டரு ஒட்டுனாக, பேரு போட்டு. எங்க தெரு முக்குலயே ஒட்டியிருந்துச்சு. மழை வந்து கரையிற வரைக்கும் நான் வேற தெரு வழியாத்தான் கடைக்குப் போனேன். மத்தவுகளுக்கு அவுக செத்துட்டாக. நான் இன்னும் பேரச் சொல்லல, அதனால எனக்கு மட்டும் ஒரு ஓரத்துல இருக்காக. சொல்லிட்டேன்னு வையி, அன்னியோட முடிஞ்சது. கிறுக்குத்தனம்தான். வெளிய சொல்லிக்கிற மாதிரி இல்ல, உங்கிட்டச் சொல்றேன்.

விருதுநகரு தாண்டியாச்சா? மணி என்ன? அய்யோ, இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு.

இந்தா, அடிக்குது பாரு. அவதான்.

ஆங், சொல்லும்மா... பஸ்லதான்... கேக்குது, கேக்குது... ஜெயசேகரன் இருக்காரா அங்க?... ம்... தலைவரும் இருக்காரா... இப்பவேயா? ஒரு நிமிசம் இரு. வச்சிராத.

தாயி, ஒரு உதவி செய்யி. இந்தப் போனை வாங்கிக்க. அவ பதிவு பண்றாளாம். ‘முதல் பந்தி ஆட்டத்தைப் பண்ணுனது என் கணவரு’ன்னு ஆரம்பிச்சு பேரச் சொல்லிரு. ஒரு வரிதான். பொம்பளைக் கொரல்தான, பஸ் இரைச்சல்ல நீயா நானான்னு யாரு கண்டா? படிச்ச பிள்ளை, பளிச்சுன்னு சொல்லுவ. புண்ணியமாப் போகும். சொல்லு. சொல்லு தாயி, லைன்ல இருக்காக.

என்ன முழிக்கிற? பேரா?

மாட்டுத்தாவணியில இருந்து அவுகளைப் பத்தித்தான பேசிக்கிட்டு வாறேன். ஆர்ட்டிஸ்ட்டு வேலை பாத்தது, பட்டனை வச்சு ஆடுனது, ஆஸ்பத்திரியில கெடந்தது, எல்லாம் உனக்குத் தெரியுமே. பேரு தெரியாதுங்கிறியே?

ஆமா. நான் சொல்லலேல்ல.

குடு. இங்கிட்டுக் குடு.

மிருதுளா, இருக்கியாம்மா? நான்தான். எங்க வீட்டுக்காரவுகதான் பண்ணுனாக. தெரியும்மா, பேரு சொல்லணும், தெரியும். சொல்றேன். முதல் பந்தி ஆட்டத்தைப் பண்ணுனது என் கணவரு... என் கணவரு...

இரும்மா. நெசமாத்தான் சொல்றேன், வெக்கம் இல்ல, ஒண்ணும் இல்ல. சொல்லிரணும்னுதான் வாயைத் தெறக்குறேன். வரமாட்டேங்குதும்மா. அம்புட்டு வருசம் உள்ளயே வச்சிருந்தேன், இப்பக் கூப்பிட்டா வரமாட்டேங்குது.

மணி ஆச்சா? அழாதம்மா. நீ ஏன் அழுகுற?

தலைவரு பக்கத்துலதான இருக்காரு, அவருகிட்டக் கொஞ்சம் கேளேன். நாளைக்குச் சொன்னா ஏத்துக்க மாட்டாகளா?